ஊர் அமைப்பும் உடல் நலமும்

பெண்ணாடம் என்ற பெயரைக் கேட்டவுடன் சைவ அன்பர்களுக்கு மெய்கண்டாரும், அப்பர் பெருமான் சூலக்குறியும் இடபக்குறியும் பெற்ற வரலாறும் நினைவுக்கு வரும். கட்டடக்கலை பயின்றவர்களுக்கு, யானை படுத்திருப்பதுபோல் பின்புறம் வளைந்து நிற்கும் தூங்கானைமாட விமானம் நினைவுக்கு வரும். வளர்ச்சிப் பணியில் உள்ள எனக்கோ அக்கோயில் இறைவனின் திருப்பெயரே முதலில் நினைவுக்கு வருகிறது. பிரளயகாலேசுவரர் என்பது அப்பெயர். ஊழி வெள்ளத்தின்போது காத்தருளியவர் என்று தலபுராணம் கூறும். புராணம் எவ்வாறாயினும், வெள்ளாற்றங்கரையில் வாழ்ந்த மக்கள் வெள்ளத்தை எத்துணை எண்ணியிருந்தனர் என்பதை அப்பெயர் காட்டுகிறது. ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் இவ்வாறு, ஐப்பசி கார்த்திகையில் ஓரிரவுக்குள் கரைதொட்டு ஓடும். இதன் அருகே குடியிருக்க விரும்புவோர் எது மேடு, எது பள்ளம், மழைநீர் எவ்வழி வந்து எவ்வழி போகும் என்பதை அறிந்தே வீடு கட்டியாக வேண்டும்.

இவ்வட்டாரத்தின் பழைய குடியிருப்புகளைச் சுற்றிப் பார்த்தால், முன்னோர் இதை அறிந்திருந்தனர் என்பது விளங்கும். மேட்டில் வீடுகள், பள்ளத்தில் குளம், குளத்திற்கு வரும் வாய்க்கால், குளம் நிரம்பினால் வழியும் போக்குக் கால், குடியிருப்புக்கு அப்பால் சுடுகாடு என்று ஓர் ஒழுங்கு தென்படும். அந்த ஒழுங்கை நான் முழுவதும் புகழ மாட்டேன். மேட்டில் யார் இருந்தனர், பள்ளத்தில் யார் இருக்க வைக்கப்பட்டனர் என்ற கேள்வியும் அதனுள் அடங்கியிருக்கிறது. அதனைப் பின்னர்க் கூறுகின்றேன்.

இன்று ஊராட்சியில் நாம் தெரு போடுகின்றோம், குடிநீர்த் தொட்டி கட்டுகின்றோம், கழிவுநீர்க் கால்வாய் அமைக்கின்றோம், மனை ஒதுக்குகின்றோம், கழிப்பறை கட்ட உதவுகின்றோம். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம், தனி மதிப்பீடு, தனிப் பட்டியல். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் அது சுகாதாரத் துறையின் பொறுப்பு என்று கருதி ஆரம்ப சுகாதார நிலையத்தை நோக்குகின்றோம். தெருவுக்கும் காய்ச்சலுக்கும் இடையே உள்ள உறவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அவ்வுறவைப் பற்றி ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் அறிய வேண்டுவனவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்றடித் தொலைவு

1854-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் வாந்திபேதி கொடுமையாகப் பரவியது. நோய் கெட்ட காற்றினால் வருகிறது என்று அக்கால மருத்துவர் பெரும்பாலோர் நம்பினர். ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் அதனை ஏற்கவில்லை. எந்தெந்த வீட்டில் யார் இறந்தனர் என்பதை வீடு வீடாக விசாரித்து அறிந்தார். இறந்தோரில் பெரும்பாலோர் பிராட் தெருவிலிருந்த ஓர் அடிகுழாயின் நீரைக் குடித்தவர்கள் என்பது புலப்பட்டது. அவர் எடுத்துரைத்ததன் பேரில் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. அப்பொழுது நோய் தானாகவே தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் கூற வேண்டும். பின்னர் அவ்விடத்தைத் தோண்டிப் பார்த்தபோது, அக்கிணற்றுக்கு மூன்றடிக்கும் குறைந்த தொலைவில் பழுதான மலக்குழி ஒன்று இருந்ததும், அதிலிருந்து கசிவு கிணற்றுக்குச் சென்றதும் தெரியவந்தன.

ஆக, அந்த ஊரில் இத்தனை உயிர்களைக் கொண்டது கிணற்றுக்கும் குழிக்கும் இடையே இருந்த மூன்றடி. வைத்தியர் கண்டறிந்தார், ஆனால் அதனைத் திருத்த வேண்டியவர் கொத்தனாரும் நகரசபையாரும் ஆவர். ஊர் அமைப்பும் பொதுச் சுகாதாரமும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்ற எண்ணம் அக்காலத்திலேதான் மேனாடுகளில் வேரூன்றியது.

நம் மாநிலமும் இதில் பின்தங்கியதன்று. நகரமைப்புக்கென்று சென்னை மாகாணத்தில் 1920-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1939-ஆம் ஆண்டில் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறிற்று. இந்திய நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்கென்று இயற்றப்பட்ட முதல் முழுமையான மாகாணச் சட்டம் அதுவே. கழிவுநீர், குடிநீர், கொசு, குடியிருப்பு ஆகியவை அச்சட்டத்தில் ஒருங்கே இடம்பெற்றிருப்பதைக் காணலாம். அதனை எழுதியவர்கள் இவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்கும் வழக்கம் பிற்பாடு அலுவலகங்களில் நாற்காலிகள் பெருகியபோது வந்தது என்பது என் கருத்து.

நரம்புச் சிலந்தி ஒழிந்த கதை

இந்த நோயை இளைஞர் பலர் அறியமாட்டார்கள். காலில் கொப்புளம் தோன்றி, அது உடைந்து, அதன் வழியே நூல் போன்ற நீண்ட புழு மெல்ல மெல்ல வெளிவரும். புழு இரண்டு மூன்றடி நீளம் இருக்கும். அதை இழுத்து அறுத்துவிட்டால் புண் பெருகும். ஆதலால் சிறு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி எடுப்பர். விதைப்புக் காலத்தில் இந்நோய் கண்ட உழவன் வாரக்கணக்கில் நிலத்துப் பக்கம் போக இயலாது.

இதற்குத் தடுப்பூசியும் இல்லை; தீர்க்கும் மருந்தும் இல்லை. நோயுள்ளவர் படிக்கிணற்றில் இறங்கிக் காலை நீரில் வைத்தவுடன் புழு தன் குஞ்சுகளை நீரில் விடும். அவற்றைச் சைக்ளாப்ஸ் என்னும் நுண்ணிய நீர்ப்பூச்சி விழுங்கும். அந்நீரை வடிகட்டாமல் குடிப்பவர் உடலில் ஓராண்டு கழித்துப் புழு வளர்ந்து வெளிவரும். நோயாளியின் கால் நீரில் படும்படி கிணறு அமைந்திருப்பதே இந்தச் சுழற்சிக்குக் காரணம்.

எனவே செய்தது என்ன? படிகளை அடைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பி, படிக்கிணற்றை இறைகிணறாக மாற்றினர். அடிகுழாய் போட்டனர். துணியால் நீரை வடிகட்டும் பழக்கத்தைக் கற்பித்தனர். கிணற்றில் பூச்சி மருந்தும் இட்டனர். தமிழ்நாட்டில் 1984-ஆம் ஆண்டோடு இந்நோய் மறைந்தது. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ஆம் ஆண்டில் இராஜஸ்தானத்தில் காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் நம் நாடு இந்நோயினின்று விடுபட்டதாகச் சான்றளிக்கப்பட்டது. மருந்தே இல்லாத ஒரு நோயைக் கொத்துக் கரண்டியும் வடிதுணியும் விரட்டிவிட்டன.

பட்டுக்கோட்டை வயல்கள்

உழவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை திறக்கப்பட்டு, கல்லணைக் கால்வாய் வழியே பட்டுக்கோட்டைப் பகுதிக்குக் காவிரி நீர் சென்றது. அதுவரை வறண்டிருந்த பூமி பசுமை பெற்றது. ஆனால் நீரோடு மலேரியாவும் வந்தது. ராக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் என்னும் அறிஞரும், டி. ராமச்சந்திர ராவ் போன்ற நம் நாட்டு ஆய்வாளரும் அங்கே தங்கி ஆராய்ந்தனர். மலேரியாவைப் பரப்பும் கொசு, கசிவுநீர் தேங்கும் இடங்களிலும், வாய்க்கால்களிலும், இளம் நாற்று நட்ட வயல்களிலும் பெருகுவதைக் கண்டனர். பயிர் ஓரடிக்குமேல் வளர்ந்துவிட்டால் அக்கொசு அவ்வயலில் முட்டையிடுவது அரிதாகிறது என்பதையும் கண்டறிந்தனர். பெண்கொசு நீர்ப்பரப்பின்மேல் தாழப் பறந்து முட்டையிடும். உயர்ந்த பயிர் அதற்குத் தடையாகிறது. நீரில் கண்ணாடிக் குச்சிகளை நட்டு வைத்தும் அவர்கள் இதனை மெய்ப்பித்தனர். வயலுக்கு இடைவிட்டு நீர் பாய்ச்சிக் காயவிட்டால் கொசுக் குஞ்சுகள் மடியும் என்பதையும் சோதித்தனர்.

பாசனத் திட்டத்தை வகுத்தவர்கள் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பதைத் திட்டமாகக் கணக்கிட்டனர். எங்கே கசிந்து தேங்கும் என்பதைக் கணக்கிடவில்லை. நாமும் தெருவுக்குக் கால்வாய் கட்டும்போது அதே பிழையைச் சிறிய அளவில் செய்கின்றோம்.

கால்வாய் எங்கே முடிகிறது?

ஊராட்சிகளுக்குச் செல்லும்போது நான் தவறாமல் கேட்கும் கேள்வி இதுதான். 'ஐயா, இந்த வாய்க்கால் அந்தத் தெரு முனை வரைக்கும் போகுதுங்க' என்பார்கள். அதற்கு அப்பால்? அதற்கு அப்பால் ஒன்றும் இராது. ஒதுக்கிய பணம் அம்முனையோடு முடிந்திருக்கும்; கால்வாயும் அங்கேயே முடிந்திருக்கும். இருநூறு மீட்டர் நீளத்துக்கு அழகாகச் சிமெண்டு பூசிய கால்வாய், எல்லா வீடுகளின் அழுக்கு நீரையும் திரட்டிக்கொண்டு போய், ஒரு வீட்டின் வாசலில் கொட்டுகிறது. முன்பு இருபது வீட்டுப் புழக்கடையில் வாழையும் கீரையும் குடித்த நீர் இப்பொழுது ஓரிடத்தில் குட்டையாகிறது. அக்குட்டையில் கியூலெக்ஸ் கொசு பெருகுகிறது. யானைக்கால் நோயைப் பரப்புவது அக்கொசு. பழைய தென்னார்க்காட்டுக் கிராமங்கள் இந்நோயால் எவ்வளவு துன்புற்றன என்பதை முதியோர் அறிவர். இதை முன்னிட்டே புதுச்சேரியில் 1975-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை அந்நகரில் கால்வாய்களைச் சீர்செய்தும் தேங்குநீரை அகற்றியும் கொசுவைக் கட்டுப்படுத்தும் முயற்சியை நடத்தியது. ஆண்டுக்கொருமுறை மாத்திரை கொடுக்கும் முறை பின்னர் வந்தது. மாத்திரை வேண்டும், ஆனால் குட்டை இருந்த இடத்திலேயே இருக்குமானால் மாத்திரையை எவ்வளவு காலம் கொடுப்பது?

ஆகவே கால்வாய் கட்டத் தீர்மானிக்கும்போது முடிவிடத்திலிருந்து தொடங்க வேண்டும். கடைசியில் நீர் எங்கே சேரும், அங்கே உறிஞ்சுகுழியா, வடிகட்டிக் குட்டையா, தோப்பா என்பது முதலில் முடிவாக வேண்டும். பின்பு அங்கிருந்து மேல்நோக்கிக் கட்டிக்கொண்டு வரலாம். பணம் தீர்ந்துபோனால் மேற்பகுதி அடுத்த ஆண்டுக்கு நிற்கட்டும், நட்டமில்லை. இவ்வாறு செய்தால் மேல்முனைத் தெருக்காரர் கோபிப்பார். அவரைச் சமாதானம் செய்வது உறுப்பினர் பணி.

பல வீடுகளுக்குக் கால்வாயே தேவையில்லை. புழக்கடை உள்ள வீட்டில் ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழம் உள்ள குழி எடுத்து, உடைகல்லும் செங்கல் துண்டும் நிரப்பி, நீர் நுழையுமுன் மண்ணும் சோற்றுப் பருக்கையும் தங்குவதற்கு ஒரு சிறு தொட்டி வைத்துவிட்டால் குளிக்கும் நீரும் பாத்திரம் கழுவும் நீரும் நிலத்துக்குள் போய்விடும். அச்சிறு தொட்டியை வாரமொருமுறை வழிக்க வேண்டும். வழிக்காவிட்டால் குழி ஓராண்டில் அடைபட்டுவிடும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் எடுக்கப்பட்ட குழிகள் பல இவ்வாறுதான் பயனற்றுப் போயின. மண்ணையும் பார்க்க வேண்டும். ஆற்றோரத்து மணற்பாங்கான நிலம் நீரை விரைந்து உறிஞ்சும். களிமண் நிலத்தில் குழி எடுத்தால் அது கிணறாகவே நிற்கும். அங்கே வாழைப்பாத்தியே சிறந்தது.

முதல் குடம்

நான் முன்பு பணியாற்றிய வேறோர் ஒன்றியத்தில், மழைக்காலத்தில் ஒரு தெருவில் மட்டும் வயிற்றுப்போக்கு பரவியது. மேல்நிலைத் தொட்டி சுத்தமாக இருந்தது. குளோரின் சரியாகக் கலந்திருந்தனர். தொட்டியின் அருகிலிருந்த குழாயில் சோதித்தபோது குறையேதும் இல்லை. பின் நோய் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் திகைத்து நிற்கையில், தெருக்கோடியில் இருந்த மூதாட்டி ஒருவர் தம் குடத்து நீரைக் கீழே கொட்டிக்கொண்டிருந்தார்.

'ஏன் ஆயா கொட்டறீங்க?' என்றேன்.

'மொதல் குடம் நாறும் ஐயா. நான் எப்பவும் எடுக்கிறதில்லை' என்றார்.

அவ்விடத்தில் விடை கிடைத்துவிட்டது. குடிநீர்க் குழாய் கழிவுநீர்க் கால்வாயின் உள்ளே சென்றுகொண்டிருந்தது. ஓரிடத்தில் இணைப்பு தளர்ந்திருந்தது. நீர் விடும்போது குழாயில் அழுத்தம் இருப்பதால் நீர் வெளியே கசியும். விசையை நிறுத்தியவுடன் குழாய் வெறுமையாகி, சுற்றியுள்ள சாக்கடை நீரை உள்ளே இழுக்கும். மறுநாள் காலையில் அதுவே முதலில் வரும். நாளெல்லாம் நீர் வரும் ஊரில் இத்தொல்லை குறைவு. காலையில் ஒரு மணி நேரம் மட்டும் நீர் விடும் நம் ஊர்களில் இது மிகுதி. முதல் குடத்தைக் கொட்டிய ஆயா நலமாக இருந்தார். அவசரமாக முதல் குடத்தைப் பிடித்துச் சென்ற வீடுகளில்தான் நோய்.

குழாய் ஒரு புறமும் கால்வாய் மறுபுறமும் இருக்கட்டும் என்பதே இதற்கு உரிய ஊரமைப்பு விதி. குறுக்கே கடக்க வேண்டிய இடங்களில் குழாய் கால்வாய்க்கு மேலே, உறைக்குழாயினுள் செல்லட்டும். வீட்டு இணைப்புகள் கொடுக்கும் இந்நாளில் தெருவில் குழாய்களின் எண்ணிக்கை பன்மடங்காகியிருக்கிறது. இணைப்புகள் எவ்வளவோ, கசியும் இடங்களும் அவ்வளவு. குளோரின் சோதனையையும் தொட்டியருகே செய்வதில் பயனில்லை. கடைக்கோடிக் குழாயில் செய்ய வேண்டும்; அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். ஆயிரம் லிட்டர் நீருக்கு 4 கிராம் பிளீச்சிங் தூள் என்பது நடைமுறைக் கணக்கு. தூளை வாளி நீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரைமணி நேரம் கழித்தே நீரைத் திறந்துவிட வேண்டும். மூட்டையை வாய் திறந்து வைத்திருந்தால் தூளின் வீரியம் போய்விடும்; அந்தத் தூளை எவ்வளவு போட்டாலும் சுண்ணாம்புதான்.

உயர்ந்துகொண்டே போகும் தெரு

இதில் என் பிழையும் உண்டு, மறைக்க விரும்பவில்லை. ஓர் ஊராட்சியில் பழைய சிமெண்டுச் சாலையின்மேல் புதிய சாலை போடுவதற்கான மதிப்பீட்டில் நான் கையொப்பமிட்டேன். பழையதைப் பெயர்த்தெடுக்கும் செலவை மிச்சப்படுத்தினோம் என்று மகிழ்ந்தோம். அது அத்தெருவுக்கு மூன்றாவது அடுக்கு. சாலை முடிந்தபின் போய்ப் பார்த்தால், தெருவைவிட வீட்டுத் திண்ணைகள் தாழ்ந்திருந்தன. அவ்வாண்டு கார்த்திகை மழையில் தெருநீர் பத்து வீடுகளுக்குள் புகுந்தது. அடுப்பு நனைந்தது, சுவர் ஊறிற்று, குழந்தைகளுக்குச் சளியும் காய்ச்சலும் கண்டன. மக்கள் தத்தம் வாசலில் செங்கல் வைத்துத் தடுப்புக் கட்டினார்கள். அதனால் அடுத்த வீட்டுக்கு வெள்ளம் அதிகமாயிற்று. பக்கத்து வீட்டாரிடையே பகையும் வந்தது.

அதன்பின் ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டிருக்கின்றேன். சாலை மதிப்பீடு வந்தால், அத்தெருவிலேயே மிகத் தாழ்ந்த வீட்டின் நிலைப்படி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று எழுதச் சொல்கிறேன். சாலையின் முடிவான மட்டம் அதற்குக் கீழே இருக்க வேண்டும். பழைய அடுக்கைப் பெயர்க்காமல் இது முடியாது என்றால் பெயர்த்தே ஆக வேண்டும். பொறியாளர்கள் முதலில் முகம் சுளித்தனர். இப்பொழுது அவர்களே எழுதிவிடுகிறார்கள்.

பள்ளத்து மனைகள்

முன்பே குறிப்பிட்ட கேள்விக்கு வருகின்றேன். ஊரின் கழிவுநீர் முடிவில் எங்கே செல்கிறது என்று நடந்து பார்த்தால், பல ஊர்களில் அது ஆதிதிராவிட மக்களின் குடியிருப்பைச் சென்று சேரும். நிலம் சரிவதால் நீர் செல்கிறது என்பார்கள். சரிவில் குடியிருப்பை வைத்தது யார்? காலனிக்கு மனை ஒதுக்கும்போது விலை குறைந்த நிலம், விளையாத நிலம், தண்ணீர் தேங்கும் நிலம் என்றே தேடிப் பிடித்த காலம் இருந்தது. அங்கே தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, மழைக்காலத்தில் அங்கே காய்ச்சல் மிகுதி என்று சுகாதாரத் துறையைக் கேட்பதில் பொருளில்லை. கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டைப் பார்த்தால் காய்ச்சல் எந்தத் தெருக்களில் திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெரியும். அத்தெருக்கள் பெரும்பாலும் ஊரின் மிகத் தாழ்ந்த இடங்களே.

புதிதாக மனை தேர்ந்தெடுக்கும்போது ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பதே நன்று. கோடையில் எல்லா நிலமும் மேடாகத்தான் தோன்றும். ஏற்கெனவே பள்ளத்தில் அமைந்துவிட்ட குடியிருப்புகளுக்கு வடிகால் அமைப்பதே, ஊராட்சியின் முதற் செலவாக இருக்க வேண்டும். ஊர் நடுவில் உள்ள தெருவுக்கு அலங்காரக் கல் பதிப்பது அதன்பின்.

தனியார் மனைப்பிரிவுகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் அனுமதி பெறாமல், வாய்க்கால் புறம்போக்கையும் மூடி மனை விற்ற காலம் உண்டு. 2016-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தலையிட்டபின் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை வந்தது. 2017-இல் பழைய மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. தாளில் வரன்முறையாகிவிட்ட மனையில் தண்ணீர் வரன்முறையாகிவிடாது. எனவே மனைப்பிரிவு குறித்து ஊராட்சிக்குத் தாள் வரும்போது, கிராம வரைபடத்தில் அவ்விடத்தில் வாய்க்கால் ஏதும் ஓடுகிறதா என்று பார்க்காமல் யாரும் கையொப்பமிட வேண்டா.

கழிப்பறையைப் பற்றியும் சில சொற்கள். இரட்டைக் குழிக் கழிப்பறை நம் ஊர்களுக்கு ஏற்றது. ஒரு குழி நிரம்பியபின் அதை மூடி, மற்றதைப் பயன்படுத்த வேண்டும். மூடிய குழி ஓராண்டுக்கு மேல் கிடந்தால் உள்ளிருப்பது மண்போன்ற எருவாகிவிடும்; அச்சமின்றி நிலத்துக்கு இடலாம். இரண்டு குழிக்கும் ஒரே நேரத்தில் நீர் போகும்படி விட்டுவிட்டால் இந்த நன்மை முழுவதும் கெடும். கிணற்றுக்கும் ஆழ்துளைக் குழாய்க்கும் 15 மீட்டருக்குக் குறையாத தொலைவு வைப்பது பாதுகாப்பு. நீர்மட்டம் மேலே உள்ள இடத்திலும் வெறும் மணல் உள்ள இடத்திலும் தொலைவை இன்னும் கூட்ட வேண்டும். அண்டை வீட்டுக் கிணற்றையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். தம் கிணற்றுக்கு எட்ட வைத்து, வேலிக்கு அப்பால் உள்ள பிறர் கிணற்றுக்கு ஒட்ட வைத்த குழிகளை நான் பார்த்திருக்கின்றேன்.

குளத்தைத் தூர்க்கலாமா?

கொசு வருகிறது என்று கூறிக் குளத்தைத் தூர்த்து, அங்கே பேருந்து நிறுத்தமோ சமுதாயக் கூடமோ கட்ட வேண்டும் என்ற தீர்மானங்கள் அவ்வப்போது வருகின்றன. ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி நடத்தி, நம் மாகாணத்து ஊர்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். பழைய தெருக்களை இடித்துத் தள்ளுவதைவிட, இடையிடையே சிறிது திருத்திக் காற்றும் வெளிச்சமும் வரச் செய்வதே நலம் என்பது அவர் கொள்கை. குளங்களைத் தூர்க்க வேண்டா. மீனையும் வாத்தையும் விட்டுக் கொசுக் குஞ்சுகளை ஒழிக்கலாம் என்று அவர் வாதாடினார். நூறாண்டுக்குப் பின்னும் அது சரியாகவே உள்ளது. மீன் உள்ள, கரை செதுக்கிய, ஆகாயத்தாமரை படராத குளத்தில் கொசு மிகக் குறைவு. சாக்கடையை விட்டுக் கெடுத்த குளத்தில்தான் கொசு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ குளத்துப் பக்கமே போவதில்லை. நம் வீட்டுச் சிமெண்டுத் தொட்டியிலும், கூரைமேல் கிடக்கும் பழைய டயரிலும், ஆட்டுக்கல் குழியிலும் உள்ள தெளிந்த நீரிலேயே ஏறத்தாழப் பத்து நாட்களுக்குள் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடுகிறது. குளத்தைத் தூர்த்தால் அக்கொசு குறையாது. கிணற்று நீர்தான் குறையும். மழைநீர் தங்க இடமின்றித் தெருவுக்கு வரும்.

ஒரு வரைபடம் போதும்

இவற்றையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து கிராம வரைபடத்தின் நகலைப் பெற்றுப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். அதில் நீல மையால் கிணறு, ஆழ்துளைக் குழாய், மேல்நிலைத் தொட்டி, குடிநீர்க் குழாய் செல்லும் வழி ஆகியவற்றையும், கறுப்பு மையால் கழிவுநீர்க் கால்வாய்களையும் அவை முடியும் இடங்களையும் குறிக்க வேண்டும். மழைநீர் ஓடும் திசையை அம்புக்குறியால் காட்டலாம். பின்பு சுகாதார ஆய்வாளரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் அழைத்து, சென்ற இரண்டு மழைக்காலங்களில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்ட வீடுகள் எந்தத் தெருவில் என்று கேட்டுச் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். பெயர் எழுத வேண்டா, புள்ளி போதும். ஜான் ஸ்நோ லண்டனில் செய்ததும் இவ்வளவே.

சிவப்புப் புள்ளிகள் கறுப்புக் கோட்டின் முடிவில் கூடியிருந்தால் அவ்விடத்துக் குட்டையைப் பார்க்க வேண்டும். நீலக் கோடும் கறுப்புக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று செல்லும் தெருவில் கூடியிருந்தால் குழாயைப் பார்க்க வேண்டும். எங்கும் பரவலாக இருந்தால் வீட்டுத் தொட்டிகளைத் திறந்து பார்க்க வேண்டும். ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் எந்த வேலையை முதலில் எழுதுவது என்ற சண்டை பாதி குறைந்துவிடும். மீதிப் பாதி எப்பொழுதும் இருக்கும்.

இவ்வரைபடத்தைக் கிராம சபையில் வைத்து எல்லோரும் காணும்படி செய்யலாம். முன்பு ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்கள் 2022-ஆம் ஆண்டில் ஆறாக்கப்பட்டன. உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22-உம், உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1-உம் சேர்க்கப்பட்டன. நம் வெள்ளாற்றுப் பகுதிக்கு நவம்பர் 1 மிகப் பொருத்தமான நாள். வடகிழக்குப் பருவமழை அப்பொழுது தொடங்கியிருக்கும். அன்று மழை பெய்யுமானால் கூட்டத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டு, வரைபடத்தைப் பாலிதீன் உறையில் இட்டுக் கையில் எடுத்துக்கொண்டு, உறுப்பினர்கள் எல்லாத் தெருக்களையும் ஒருமுறை சுற்றி வரலாம். காலனித் தெருவிலிருந்து தொடங்குவது நல்லது. தண்ணீர் அங்கேதான் முதலில் தேங்கும்.